பச்சை லேபல் ஒட்டிய டோர்ச்

ஆஸ்பத்திரியில், மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை என்ற படிவத்தில் கையெழுத்துப் போட்டது நான்தான். குடும்பத்தவர் மொழிபெயர்ப்பது விரும்பத்தக்கதல்ல என்று அதே படிவத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருந்தது. அதையும் வாசித்துவிட்டே போட்டேன். அடியில் இருக்கும் சிறிய எழுத்தை வாசிப்பதற்குத்தான் எனக்கு வாழ்நாள் முழுக்கச் சம்பளம் தந்தார்கள். ஓய்வு பெறும்வரை லண்டன் கவுன்சில் கட்டடங்களில் இருக்கும் கேத்தில், மேசை விளக்கு, ஃபோட்டோகொப்பி மெஷின் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சோதித்து, பழுதில்லாதவற்றுக்குப் பச்சை லேபல் ஒட்டினேன். அதற்கு முன் ஜெர்மனியில், இஸ்திரிப்பெட்டித் தொழிற்சாலையில், சூடேற்றும் சுருள்களைச் சோதித்தேன். அதற்கும் முன் யாழ்ப்பாணத்தில் எஞ்சினியர். படியிறங்கிப் போன உத்தியோக வரலாறு. அதை விடுவோம்.

மொழிபெயர்ப்பாளரை வேண்டாம் என்றதற்குக் காரணம் இருந்தது. அந்த ஆஸ்பத்திரிக்குத் தமிழ் மொழிபெயர்க்க வருகிற பெண் எங்கள் பங்கைச் சேர்ந்தவர். ஞாயிறு பூசையில் எங்களுக்கு இரண்டு வாங்கு முன்னால் இருப்பவர். என் மனைவியின் கால் சங்கதி அவருக்குத் தெரிந்தால், அடுத்த ஞாயிறுக்குள் தோர்ண்டன் ஹீத் வரை தெரிந்துவிடும்.

2009ஆம் ஆண்டு, தவக்காலம் தொடங்குவதற்கு முந்திய கிழமை. மனைவிக்கு அப்போது அறுபத்தொரு வயது. கோலியர்ஸ் வுட் ஸ்டேஷனிலிருந்து எங்கள் வீடு ஐந்து நிமிட நடை. அந்த ஐந்து நிமிடத்தில் அவள் மூன்று தரம் நின்று கடைக் கண்ணாடிகளைப் பார்ப்பாள். ஒரு தரம் கார் டயர் விற்கும் கடையை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது என்று சொல்ல அவளுக்கு மனமில்லை. தைப்பொங்கல் கழிந்து இரண்டு கிழமையில் வலது காலின் சின்ன விரல் நீலமாயிற்று. அதன் பிறகுதான் சொன்னாள்.

தொடையில் நாடி அடைத்திருப்பதாகச் சத்திரசிகிச்சை நிபுணர் சொன்னார். மற்றக் காலிலிருந்து ஒரு நாளத்தை எடுத்து, அடைப்பைச் சுற்றி மாற்றுவழி போடலாம். சொல்லிவிட்டு, பேனையைத் திறந்து, படிவத்தில் அடுத்த வரிக்கு, புகைப்பழக்கத்துக்கு, போனார்.

"பத்துறனீரோ எண்டு கேக்கிறார்," என்றேன் மனைவியிடம்.

அவள் சுவரில் இருந்த முழங்கால் படத்தைப் பார்த்தாள். "இதென்ன கேள்வி. இல்லையெண்டு சொல்லுங்கோ."

இல்லை என்று ஆங்கிலத்தில் சொன்னேன். மொழிபெயர்ப்பில் குற்றமில்லை.

டொக்டர் மேசையின் இலாச்சியை இழுத்து, கைக்கு அடக்கமான ஒரு கருவியை எடுத்து, அதில் ஒரு மட்டைக் குழாயைச் செருகினார். மூச்சை அடக்கிப் பிறகு ஊதச் சொன்னார். புகைக்கிறவரின் மூச்சில் இருக்கும் கார்பன் மொனொக்சைட்டை அது எண்ணாகக் காட்டும். இருபத்துமூன்று. எண்ணை அவளுக்குக் காட்டவில்லை, எனக்குத்தான் காட்டினார்.

"வீட்டில் வேறு யாராவது புகைக்கிறீர்களா?"

நான் பிறந்தது முதல் ஒரு பீடியைக்கூட வாயில் வைத்ததில்லை.

"ஓம், நான்," என்றேன்.

பக்கத்தில் இருப்பவர் விடும் புகையால் இருபத்துமூன்று வராது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என்னையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "அப்படியென்றால் நீங்கள் நிறுத்தவேண்டும். அந்த வீட்டில் யார் புகைத்தாலும் நான் போடும் வழி அடைத்துவிடும். உயிர்த்த ஞாயிறு கழிந்த கிழமை வாருங்கள். இந்த எண் பத்துக்குக் கீழே இருந்தால் திகதி தருகிறேன். இல்லாவிட்டால் நாங்கள் பேசப்போவது வேறு சத்திரசிகிச்சை." பேனையால் தன் காற்சட்டையில், முழங்காலுக்குக் கீழே, குறுக்காக ஒரு கோடு இழுத்துக் காட்டினார்.

அதை நான் மொழிபெயர்க்கவில்லை. தேவையாகவும் இருக்கவில்லை.

பஸ்ஸில் யன்னலோரம் இருந்தபடி அவள் கேட்டாள். "உங்களை விடச் சொல்லிப்போட்டார், என்ன?"

"ஓம். விடவேணுமாம்."

"விட்டிடுங்கோவன்."

"தெண்டிச்சுப் பாக்கிறன்."

"லேசில்லையெண்டு சொல்லுவினம்," என்றாள், வெளியே பார்த்துக்கொண்டு.

இந்த இடத்தில் எங்கள் வீட்டு நடைமுறையைச் சொல்லவேண்டும். ஜெர்மனியில் அவள் ஒரு சலவைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனாள். போன முதல் வருடத்திலேயே அவளது கோட்டில் புகையிலை மணத்தது. நான் கேட்கவில்லை. கூட வேலை செய்கிற பெண்கள் பத்துவார்கள், துணியில் ஏறியிருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். விடுமுறைக் கிழமையிலும் மணத்தபோது, சமாதானம் சொல்வதை விட்டேன். கேட்பதைத் தொடங்கவுமில்லை. எங்கள் ஆட்களில் ஆண்பிள்ளை பத்தினால் அது பழக்கம். பெண் பத்தினால் அது அவளைப் பற்றிய முழு வரலாறு. ஆகவே அவள் பத்துவதில்லை, எனக்குத் தெரியாது. இந்த ஒப்பந்தம் முப்பது வருடம், இரண்டு நாடு, நான்கு வீடு தாண்டி வந்துவிட்டது. பக்கத்து ஊரான சட்டனில் இருக்கும் மகளுக்கும் தெரியாது.

லண்டன் வீட்டில் அவளுடைய இடம் மேல்மாடிப் பாத்ரூம் யன்னல். நெருப்புக்குச்சி மணம் வீட்டில் நிற்கும், அதற்கொரு காரணம் வேண்டும் என்பதற்காக, முடித்துவிட்டுக் கீழே வந்து, கூடத்தில் இருக்கும் மாதா சொரூபத்துக்கு முன்னால் மெழுகுதிரி ஏற்றுவாள். சற்று நேரம் கழித்து ஊதி அணைப்பாள். அடுத்த தரம் மறுபடி ஏற்றுவாள். ஒரு நாளைக்கு எட்டுத் தரம். எங்கள் பங்கின் தமிழ்ச் சுவாமியார் ஒருமுறை வீட்டுக்கு வந்து, மாதாவுக்கு முன்னால் இருந்த சின்னத் தட்டில் எரிந்த குச்சிகள் குவிந்திருந்ததைக் கண்டு, இவ்வளவு பக்தியான வீட்டைத் தான் காணவில்லை என்றார். மனைவி தலை குனிந்தாள். அடக்கம் என்று சுவாமியார் நினைத்தார்.

ஒரு நாளில் தட்டில் விழும் குச்சிகளை எண்ணினால் எத்தனை சிகரெட் என்று தெரியும். நம்பகமான அளவுகோல்.

நான் புகைப்பவன் என்று ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் ஏறிவிட்டதால், புகைப்பதை நிறுத்தும் வகுப்புக்குக் கடிதம் எனக்கு வந்தது. செவ்வாய்க்கிழமை காலை, டொக்டர் நிலையத்தின் மேல் அறை. போனேன். அங்கே கேட்பதைக் கேட்டுவந்து வீட்டில் ஒப்புவிக்கலாம் என்பது திட்டம். ஒரு நாளைக்கு எத்தனை என்று தாதி கேட்டாள். எட்டு என்றேன். எழும்பி எவ்வளவு நேரத்தில் முதலாவது? இருபது நிமிடம். தாதி எழுதிக்கொண்டாள். எல்லாம் உண்மையான தரவுகள், ஆள் மட்டும் பிழை. பிறகு அதே மாதிரிக் கருவியில் ஊதச் சொன்னாள். இரண்டு. அடுத்த கிழமை ஒன்று. தாதி அந்த எண்ணை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினாள். கூட இருந்த ஆறு பேர் கை தட்டினார்கள். மனவுறுதிக்கு உதாரணமாக நான் எழுந்து நிற்கவேண்டியிருந்தது. அந்த நேரம் வீட்டில், எனக்குக் கை தட்டக் காரணமானவள், மேல் யன்னலைத் திறந்திருப்பாள்.

வகுப்பில் என் பக்கத்தில் இருந்தவர் ஓய்வு பெற்ற பஸ் மெக்கானிக், ஆங்கிலேயர். படிக்கட்டில் என்னைப் பிடித்தார்.

"நீ வாழ்க்கையில் ஒரு சிகரெட்டும் குடித்ததில்லை. உன் விரல்களைப் பார்த்தாலே தெரிகிறது. யாருக்காக வருகிறாய்?"

"மனைவிக்காக."

"அவள் ஏன் வரவில்லை?"

"அவள் புகைப்பதில்லை."

"சரிதான். நானும் குதிரைப் பந்தயம் கட்டுவதில்லை. என் மனைவியைக் கேட்டுப் பார்."

வகுப்பில் எனக்குத் தந்த, தோலில் ஒட்டும் நிக்கோடின் ஒட்டுகளை நான் பாத்ரூம் தட்டில் வைத்திருந்தேன். பெட்டியில் இரண்டு குறைந்தது. பிறகு அவளது மேற்கையில், சட்டைக் கைக்குக் கீழே, சதுரமாகச் சிவந்திருந்ததைக் கண்டேன். நுளம்பு கடித்தது என்றாள். பெப்ரவரி மாதத்தில், லண்டனில். பெட்டியில் அதன் பிறகு ஒன்றும் குறையவில்லை.

மெக்கானிக்தான் அந்தச் சாமானை முதலில் காட்டினார். தபாலில் சீனாவிலிருந்து வரவழைத்திருந்தார். பார்வைக்குச் சிகரெட், உள்ளே ஒரு சின்ன பட்டரியும், அதனால் சூடாகும் ஒரு கம்பிச் சுருளும். சுருளைச் சுற்றிய பஞ்சில் நிக்கோடின் கலந்த திரவம். இழுத்தால் திரவம் ஆவியாகி வரும். எதுவும் எரிவதில்லை. எரியாவிட்டால் கார்பன் மொனொக்சைட் இல்லை. டொக்டரின் கருவிக்கு எண்ணவும் ஒன்றும் இருக்காது.

"ஆனால் உதவாத சாமான்," என்றார் மெக்கானிக். "ஸ்ட்ரோ குழாயால் மூடுபனியை உறிஞ்சுகிற மாதிரி இருக்கிறது."

வாங்கி வந்து குசினி மேசையில் பிரித்தேன். சுருளின் தடை இரண்டரை ஓம். பட்டரி நிறைந்திருக்கும்போது ஐந்தரை வாட் கிடைக்கும். பத்து இழுவைக்குப் பிறகு பட்டரி களைத்து நான்காக இறங்கும். கம்பி சூடாகும், ஆனால் போதாது. குறைந்தால் ஆவியில்லை, கூடினால் பஞ்சு கருகும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் ஒடுக்கமான இடத்தில் கம்பியை நிறுத்தி வைப்பதுதான் முழு வித்தையும். இஸ்திரிப்பெட்டியும் அதேதான். பட்டுச்சேலைக்கும் கருகலுக்கும் இடைப்பட்ட இடத்தில் நான் பதினொரு வருடம் சாப்பிட்டேன்.

கடைத்தெருவில் ஓர் அலுமினிய டோர்ச் வாங்கினேன். பல்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சுருளின் தலையைப் பொருத்தினேன். உள்ளே பெரிய பட்டரி இரண்டு, தொடராக. அவற்றுக்கும் சுருளுக்கும் நடுவே, மின்னை நொடிக்குப் பல நூறு தரம் வெட்டி வெட்டி விடுகிற ஒரு சின்னச் சுற்று. வெட்டை அகலமாக்கினால் சூடு குறையும், ஒடுக்கினால் கூடும். பட்டரி களைத்தாலும் சுருளுக்குப் போகும் சக்தி ஏழு வாட்டில் நிற்கும்படி செய்தேன். ஐந்து செக்கனுக்கு மேல் பொத்தானை அமத்தினால் தானாக நின்றுவிடும். தொழிற்சாலையில் எனக்குச் சொல்லித்தந்த முதல் விதியையும் சேர்த்தேன்: குளிர்ந்த கம்பிக்கு முழு மின்னை ஒரேயடியாக விடாதே, படிப்படியாக ஏற்று, அப்போதுதான் கம்பி நீண்ட நாள் நிற்கும். ஏற ஒன்றரைச் செக்கன் வைத்தேன். பிறகு சைக்கிள் பம்பைப் பின்பக்கமாகப் பொருத்தி, நான்கு நான்கு செக்கனாக அறுபது இழுவை இழுத்துச் சோதித்தேன். ஒவ்வொன்றிலும் வெள்ளையாக, நல்ல தடிப்பான ஆவி. பழைய வேலையில் மிஞ்சிய லேபல் சுருள் ஒன்று வீட்டில் இருந்தது. டோர்ச்சில் ஒரு பச்சை லேபல் ஒட்டி, திகதி போட்டு, என் முதலெழுத்தையும் போட்டேன்.

குறிப்பு எழுதி வைக்கமுடியாது. எழுதினால் எனக்குத் தெரியும் என்றாகிவிடும். சாப்பாட்டு மேசையில் காற்றுக்குச் சொன்னேன்.

"சிகரெட்டை விடுறதுக்கு எனக்கு ஒரு சாமான் செய்திருக்கிறன். மேல பாத்ரூம் யன்னலிலை இருக்கு. பொத்தானை அமத்திக்கொண்டு, மெல்லமா, நாலு செக்கன் இழுக்கவேணும்."

"அதையேன் எனக்குச் சொல்லுறியள்?"

"சும்மா சொன்னன்."

"உங்கட சாமானை நீங்கள் இழுங்கோ," என்று மீன்குழம்பை என் பக்கம் தள்ளினாள்.

முதல் நாள் தட்டில் ஐந்து குச்சி. இரண்டாம் நாளும் ஐந்து. மூன்றாம் நாள் ஏழு. நான்காம் நாள் எட்டு. ஆனால் பட்டரி ஒவ்வொரு நாளும் குறைந்துகொண்டுதான் இருந்தது. அவள் பொத்தானை அமத்துகிறாள், பிறகு போய்ச் சிகரெட்டும் பத்துகிறாள். என்ன குறை என்று சொல்ல ஆளில்லை. முறைப்பாட்டுப் புத்தகம் இல்லாத வாடிக்கையாளரை நான் உத்தியோகத்தில் சந்தித்ததில்லை. சக்தி போதாது என்று முடிவு செய்து எட்டு வாட்டாக்கினேன். எட்டுக் குச்சி. ஒன்பது வாட். எட்டுக் குச்சி. பத்து வாட்டில் பாத்ரூமிலிருந்து கருகிய பஞ்சின் மணமும், நீண்ட இருமலும் வந்தன. அன்றைக்கு ஒன்பது குச்சி. திரும்ப ஏழுக்கு இறக்கினேன்.

இதற்கிடையில் கால் தன் பாட்டில் வேலை செய்தது. சின்ன விரல் கறுத்தது, பக்கத்து விரல் நீலமாயிற்று. படுத்தால் வலி கூடுகிறது என்று, கட்டிலில் இருந்தபடி காலைத் தொங்கவிட்டு, தலையணையில் சாய்ந்து தூங்கப் பழகினாள். முழங்காலுக்குக் கீழே இழுத்த அந்தப் பேனைக் கோட்டை நான் அவளது காலில் பார்க்கத் தொடங்கினேன். அவள் தேத்தண்ணி ஊற்றும்போது, பூசையில் முழந்தாளிடும்போது, அந்த உயரத்தில் அது தெரிந்தது. இரண்டு தரம் பாத்ரூம் கதவுவரை போய்த் தட்டாமல் திரும்பினேன். ஒரு தரம் உள்ளே தண்ணீர் திறந்துவிட்டாள், என் காலடி கேட்டிருக்கும்.

தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு. கோயிலில் சொரூபங்களை ஊதாத் துணியால் மூடுவார்கள், உயிர்த்த ஞாயிறுவரை திறப்பதில்லை. மனைவி வீட்டு மாதாவையும் மூடுவாள். அன்று மாலை மூடினாள். மூடிய சொரூபத்துக்கு மெழுகுதிரி இல்லை. மெழுகுதிரியையும் தட்டையும் அலுமாரிக்குள் வைத்தாள்.

திங்கட்கிழமை குச்சி இல்லை. செவ்வாய் இல்லை. புதனும் இல்லை. எனக்கு என்ன நடந்தது என்று இப்போதும் எனக்கு விளங்கவில்லை. முப்பது வருடம் அளவுக்கருவிகளோடு வாழ்ந்தவன், கருவியையே அலுமாரியில் வைத்துப் பூட்டியதைக் கண்ணால் கண்டவன், பூச்சியம் என்ற எண்ணைக் கண்டதும் நம்பினேன். விட்டுவிட்டாள் என்று நம்பினேன். அந்தச் செவ்வாய் வகுப்பில் எனக்குக் கிடைத்த கைதட்டலை முதல்தரம் மனதோடு வாங்கிக்கொண்டேன். டோர்ச்சில் இருந்த பழைய லேபலை உரித்துவிட்டுப் புதியது ஒன்று ஒட்டினேன்.

வியாழக்கிழமை மத்தியானம், அடுப்புப் பற்றவைக்கும் காஸ் லைட்டர் குசினியில் இல்லை. தேடிக்கொண்டு மேலே போனேன். பாத்ரூம் யன்னலில், டோர்ச்சுக்குப் பக்கத்தில், கிடந்தது. குச்சிக்கு மாதா இல்லாததால் அவள் லைட்டருக்கு மாறியிருந்தாள், அவ்வளவுதான்.

லைட்டரை அங்கேயே வைத்துவிட்டு, கீழே போய் இலாச்சியிலிருந்து என் ஸ்டொப்வோட்சை எடுத்துக்கொண்டு, கட்டிலில் இருந்து காத்திருந்தேன். சாப்பாட்டுக்குப் பிறகு அவள் மேலே வந்தாள். படிக்கட்டில் மூன்று தரம் நின்றாள். பாத்ரூம் கதவு சாத்தியது. யன்னல் திறந்த சத்தம் கேட்டதும் தட்டினேன்.

"ஆர்?"

"வேறை ஆர். நான்தான்."

"உள்ளுக்கு ஆள் இருக்கு."

"தெரியும். கதவைத் திறவும்."

தண்ணீர் திறந்த சத்தம். "குளிக்கப்போறன்."

"நீர் குளிக்கேல்லை. எட்டிலை நாலாவதைப் பத்தப்போறீர். திறவும், நான் பாக்கவேணும்."

தண்ணீர் நின்றது. பிறகு கதவு திறந்தது. அவள் குளியல்தொட்டியின் விளிம்பில் இருந்தாள், காலை நீட்டியபடி. விரலிடுக்கில் பற்றவைக்காத சிகரெட்.

"எத்தினை வருஷமாத் தெரியும்?"

"முதல் வருஷத்திலையிருந்து."

"உங்களுக்குத் தெரியுமெண்டு எனக்கும் தெரியும்," என்றாள். "தெரியாத மாதிரி இருக்கிறதிலை நீங்கள் கெட்டிக்காரன். இன்னும் ரெண்டு கிழமை இருந்திருக்க ஏலாதோ?"

"ரெண்டு கிழமையிலை கால் போயிடும்."

அவள் அழுதாள். முப்பது வருடத்துக்குக் கொஞ்சம், காலுக்குக் கொஞ்சம். நான் வாசலில் நின்றேன். உள்ளே போய் என்ன செய்யவேண்டும் என்பதற்கு எந்த நடைமுறையும் எனக்குத் தெரியவில்லை. அழுது முடித்து மூக்கைத் துடைத்துவிட்டு என் கையைப் பார்த்தாள்.

"அதேன் ஸ்டொப்வோட்ச்?"

"பத்தும். நான் நேரம் எடுக்கவேணும்."

"உங்களுக்கு விசர்."

"அந்த டோர்ச்சிலை என்ன பிழை, சொல்லும்."

"அது பொய்ச் சாமான். இழுத்தா ஒண்டும் வராது. வெறும் காத்து. விட்ட பிறகுதான் உள்ளுக்கு இரையுது."

"நாலு செக்கன் இழுக்கச் சொன்னனெல்லோ."

"நாலு செக்கன் இழுக்க நான் என்ன சர்பத்தோ குடிக்கிறன்?"

பற்றவைத்தாள். முப்பது வருடத்தில் என் மனைவி புகைப்பதை முதல்தரம் பார்த்தேன். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே, நெருப்பை உள்ளங்கைக்குள் மறைத்துப் பிடித்தாள். இழுவை சுருக்கென்று, கன்னம் குழிய. ஸ்டொப்வோட்ச்: ஒரு செக்கன். அடுத்தது அதைவிடக் குறைவு. அடுத்தது ஒன்றுக்கு மேல் ஒரு சொட்டு. மூன்று நிமிடத்துக்குள் ஒரு சிகரெட் முடிந்தது.

"ஏன் இப்பிடி அவசரப்படுறீர்?"

"சலவைக்காரியளுக்குப் பிரேக் இல்லை, பத்துறவைக்குத்தான் பிரேக்," என்றாள். "முதல் கிழமை நான் நிண்டபடி நிண்டன், ஆறு மணித்தியாலம். ஒருத்தி ஒண்டைத் தந்து, பிடி, பத்தத் தெரியாட்டிலும் பிடி, அப்பதான் வெளியிலை நிக்கலாம் எண்டாள். மணி அடிச்சா எறியவேணும். மணிக்கு முன்னம் எவ்வளவு இழுக்கலாமோ அவ்வளவு."

ஒன்றரைச் செக்கனில் மெல்ல மெல்லச் சூடேறும்படி நான் செய்து வைத்த கம்பி, ஒரு செக்கனில் விட்டுவிடுகிறவளுக்கு. மூன்று கிழமை அவள் இழுத்தது குளிர்ந்த காற்று. சக்தியை நான் கூட்டக் கூட்ட, அவள் விட்ட பிறகு மிச்சம் இருந்த சூட்டில் பஞ்சுதான் கருகியது. ஒரேயொரு தரம் கதவைத் தட்டியிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். கருவி பழுதில்லை. சோதனை பிழை. பச்சை லேபலில் என் முதலெழுத்து இருந்தது.

அன்று பின்னேரமே குசினி மேசையில் டோர்ச்சைப் பிரித்தேன். தொழிற்சாலை விதியைத் தலைகீழாக்கினேன். அமத்திய முதல் அரைச் செக்கனுக்குப் பதினான்கு வாட், கம்பி சிவக்காத எல்லைவரை ஒரேயடியாக. பிறகு தானாக ஆறுக்கு இறங்கவேண்டும். இப்படிச் செய்தால் சுருள் கிழமைக்கு ஒன்று சாகும். சாகட்டும். இந்த முறை சைக்கிள் பம்ப் இல்லை. எதிர்க் கதிரையில் அவள் இருந்தாள், காலை இன்னொரு கதிரையில் வைத்தபடி.

"இப்ப?"

"காணாது."

திருகாணியைக் கால் சுற்றுத் திருப்பினேன். "இப்ப?"

"கருகுது. முந்தின மாதிரி."

"இப்ப?"

"தொண்டையிலை பிடிக்குது, ஆனா பிந்திப் பிடிக்குது."

"இப்ப?"

இழுத்தாள். ஒரு செக்கன். விட்டாள். வெள்ளையாக மூக்கால் வந்தது. கண்ணை மூடி, தோளைத் தளரவிட்டு, "ம்," என்றாள். பிறகு கண்ணைத் திறந்து, நான் குறிப்புப் புத்தகத்தில் எழுதுவதைப் பார்த்தாள். "இதுக்கும் ரிப்போட்டோ, கோதாரி."

அடுத்த நாள் லைட்டர் குசினியில் இருந்தது. ஆனாலும் நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். கேட்டேன். இரண்டு என்றாள். அதற்கடுத்த நாள் மூன்று என்றாள், கோபத்தோடு. பெரிய வெள்ளிக்கு முதல் நாள் ஒன்று. பெரிய வெள்ளி, ஒன்றுமில்லை. சோற்றுக் கோப்பையை உடைத்தாள், என்னை ஜெர்மன் மொழியில் ஏசினாள். இரண்டாவது விரலும் கறுத்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் அதே அறை, அதே படிவம். டொக்டர் அதே வரியில் பேனையை வைத்து என்னைப் பார்த்தார். நான் மொழிபெயர்க்க வாயைத் திறக்குமுன் மனைவி தன் ஆங்கிலத்தில் சொன்னாள்: "நான் புகைப்பது. முப்பது வருஷம். இவர் ஒரு நாளும் இல்லை." கைப்பையிலிருந்து டோர்ச்சை எடுத்து மேசையில் வைத்தாள்.

டொக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்னவென்று விளக்கினேன். இதற்குத் தன்னிடம் படிவம் இல்லை என்றார். நிக்கோடினும் நாடிக்கு நல்லதல்ல, சத்திரசிகிச்சைக்குப் பிறகு இதையும் விடவேண்டும் என்றார். மட்டைக் குழாயைச் செருகினார். அவள் ஊதினாள். மூன்று. இந்த முறை எண்ணை அவளுக்குக் காட்டினார்.

திகதி தந்தார், வருகிற திங்கள். காலைக் காப்பாற்றலாம் என்று நினைக்கிறேன், என்றார். பிறகு காலுறையைக் கழற்றிப் பார்த்துவிட்டு நிறைய நேரம் பேசினார், என்னைப் பார்த்து.

"என்ன சொல்லுறார்?" என்றாள்.

ஆஸ்பத்திரியில் மொழிபெயர்ப்பாளராக ஒரு நேர்மையான வேலை நான் அன்றுதான் செய்தேன். "ரெண்டு விரலை எடுக்கவேணுமாம். பெப்ரவரியிலை ஒப்பரேஷன் செய்திருந்தா ஒண்டும் எடுக்கவேண்டி வந்திராதாம். அண்டைக்கே தனக்கு விளங்கினதாம். நான் உண்மையைச் சொல்லுவன் எண்டு பாத்துக்கொண்டிருந்தவராம்."

அவள் விரல்களைப் பார்த்தாள். பிறகு என்னை. "இல்லையெண்டு சொல்லச் சொன்னது நான்."

"சொன்னது நான்."

டொக்டர் பேனையை மூடிவிட்டுக் காத்திருந்தார். இதை யாரும் அவருக்கு மொழிபெயர்க்கவில்லை.

கால் இருக்கிறது. இரண்டு விரல் இல்லை. போட்ட வழியை மூன்று மாதத்துக்கு ஒரு தரம் சோதிக்கிறார்கள். ஒவ்வொரு சோதனைக்கு முன்னும் நாங்கள் இருவரும் சாப்பிடுவதில்லை. அந்த வருட வைகாசியில் சுவாமியார் வீட்டுக்கு வந்தார். ஊதாத் துணி எடுத்த மாதாவுக்கு முன்னால் தட்டு வெறுமையாக இருந்தது.

"என்ன, மாதா இருட்டிலை நிக்கிறா?"

"இப்ப இரவிலை மட்டும்தான் ஏத்துறனாங்கள், சுவாமி," என்றாள் மனைவி.

சுவாமியாருக்கு அது பிடிக்கவில்லை. கதிரையின் கையில் கிடந்த டோர்ச்சை எடுத்துப் பொத்தானை அமத்தினார். உள்ளே மெல்ல இரைந்தது. வெளிச்சம் இல்லை. இன்னொரு தரம் அமத்தினார்.

"இது பழுதெல்லோ."

நான் ஏதாவது சொல்லுவேன் என்று என்னைப் பார்த்தார். நான் அவளைப் பார்த்தேன். அவள் கையை நீட்டி அதை வாங்கி, மடியில் வைத்துக்கொண்டாள்.

"பழுதில்லை, சுவாமி. இது என்ரை," என்றாள். "நான் பத்துறனான்."